கல்லூரி முற்றத்தில் சமத்துவ நாள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆண்டுக்கு நான்கு முறை மாணவர்களும் ஆசிரியர்களும் வரிசையில் நின்று சமத்துவத்தைப் பற்றி ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். காந்தி நினைவு நாளான ஜனவரி 30 அன்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14இல் சமத்துவ நாள் உறுதிமொழி. பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17இல் சமூக நீதி நாள் உறுதிமொழி. நவம்பர் 26, அரசியல் சட்ட நாளில் முகவுரை வாசிப்பு. இவற்றில் ஜனவரி 30தான் பழைய வழக்கம். அரசியல் சட்ட நாள் 2015இல் வந்தது. சமூக நீதி நாளை 2021 செப்டம்பரிலும் சமத்துவ நாளை 2022 ஏப்ரலிலும் தமிழக அரசு அறிவித்தது. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாளாகவும் இருப்பதால் அன்று விடுமுறை. ஆகவே முந்தைய வேலைநாளிலேயே வாசித்து முடித்துவிடுவதும் உண்டு.

சமூக நீதி நாள் உறுதிமொழி திருவள்ளுவரையும் கணியன் பூங்குன்றனையும் துணைக்கு அழைத்துத் தொடங்குகிறது. சுயமரியாதை, பகுத்தறிவு, மானுடப் பற்று ஆகியவற்றைச் சொல்லிச் சமூக நீதியில் முடிகிறது. வாசித்து முடிக்க ஓரிரு நிமிடம் போதும். பிறகு பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சிறப்பு விருந்தினர் உரை, பரிசளிப்பு. செங்கம் வட்டாரத்து மாணவர்களும் இந்த நான்கு நாட்களை இப்படித்தான் அறிந்திருக்கிறார்கள். அந்த உறுதிமொழிகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு இதைவிட நீண்டது. அதில் பெரும் பகுதி கல்லூரி வாசலிலேயே நடந்தது. ஒரு பகுதி செங்கத்துக்கு மிக அருகில், மிக அண்மையில் நடந்தது.

நினைவுக்குப் பேர்போன மண்

செங்கம் திருவண்ணாமலைக்கு மேற்கே, பெங்களூரு செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலையில் பிறக்கும் செய்யாறு இந்த வழியாகத்தான் இறங்கிப் போகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த வட்டாரத்தை ஆண்ட நன்னனைப் பாடியது. ஆனால் வரலாற்று அறிஞர்களிடையே செங்கத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இங்கே வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் அவற்றைத் தொகுத்துத் தந்தது.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனித்துப் பேசப்படுவது. பல்லவன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரன் கல்லில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்லெழுத்து தனியே குறித்து வைத்திருக்கிறது. மன்னனின் பெயர் ஆண்டைக் கணக்கிடத்தான் பயன்படுகிறது. கல் நின்றது ஊரைக் காத்தவனுக்காக.

நாய்க்கும் பெயர் எழுதி வைத்த மண்ணில், பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. கல்லூரிகள் எடுக்கும் சமத்துவ விழாக்களில் பெரிய தலைவர்களின் படங்கள் இருக்கும், மாலை இருக்கும். அந்த வட்டாரத்தில் முதல் பட்டம் பெற்ற பெண் யார், முதல் பட்டியல் சாதி ஆசிரியர் யார், மலையிலிருந்து முதலில் இறங்கி வந்து படித்தவர் யார் என்பது பேசப்படுவதில்லை. செங்கம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. பக்கத்து மலை பழங்குடியினரின் வாழ்விடம். உரிமை வரலாற்றைச் சொல்ல இங்கே ஆளுக்கும் கதைக்கும் குறைவில்லை.

பதினான்கு இடங்களின் கணக்கு

இந்தியாவில் சம உரிமைக்கான சட்டப் போரில் முதல் பெரும் வழக்குகளில் ஒன்று கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. அதுவும் சென்னை மாகாணத்துக் கல்லூரிகளைப் பற்றியது. வகுப்புரிமை ஆணை என்று தமிழகத்தில் அறியப்பட்ட கம்யூனல் ஜி.ஓ.வின்படி மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பதினான்கிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிசனங்கள் என்று குறிக்கப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. நீதிக்கட்சிக் காலத்தில் அரசு வேலைகளுக்காகத் தொடங்கிய பங்கீட்டு முறை கல்லூரிக்குள் வந்தபோது எடுத்த வடிவம் இது.

1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராஜனும் பொறியியல் இடத்துக்காக சி.ஆர். சீனிவாசனும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவரே அந்தச் சட்டத்தை வைத்து வகுப்புரிமை ஆணையை எதிர்த்தார். உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9இல் அதையே உறுதி செய்தது. செண்பகம் அந்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் தெரியவந்தது ஒரு விநோதம். தீர்ப்பை அது மாற்றவில்லை.

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சியில் மாணவர்கள் வகுப்புகளைவிட்டு வெளியே வந்தார்கள். அதன் விளைவும் வேறு காரணங்களும் சேர்ந்து 1951 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. இன்று நாடெங்கும் கல்லூரிச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாக நிற்பது அந்தப் பிரிவு. சட்டக் கல்லூரிக்கு வெளியே இந்த வழக்கைத் தெரிந்த மாணவர்கள் குறைவு என்பது வியப்புக்குரியது. தான் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு வழி செய்த வழக்கு அது என்று தெரிந்தால், நவம்பர் 26இல் முகவுரையை வாசிக்கும் குரலே வேறாக இருக்கும்.

அதன் பின் வந்த கணக்குகள் பலருக்கும் தெரிந்தவை. பிற்படுத்தப்பட்டோர் பங்கு 1980இல் 50 விழுக்காடானது. அதிலிருந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 1989இல் 20 தனியே பிரிந்தது. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியாகக் கிடைத்தது 1990இல். பட்டியல் சாதியினரின் 18ஐயும் சேர்த்து மொத்தம் 69. உச்ச நீதிமன்றம் மண்டல் வழக்கில் 50 விழுக்காட்டு வரம்பு விதித்ததும், தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி, 1994இல் அதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கவைத்தது. பட்டியல் சாதியினரின் 18இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

தங்க இடமும் தட்டுச் சோறும்

இடம் ஒதுக்கினால் மட்டும் யாரும் படித்துவிட முடியாது. கிராமத்திலிருந்து வந்தவன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான்? கல்வி உரிமை வரலாற்றில் விடுதிக்கு இருக்கும் இடத்தை விழா மேடைகள் அதிகம் கண்டுகொள்வதில்லை. தனியார் வீடுகளில் அறை கிடைக்காத, ஓட்டல்களில் உள்ளே உட்காரவிடாத காலத்தில் விடுதி இல்லையென்றால் கல்லூரி இல்லை. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, தங்கிப் படிக்கவும் வழி செய்தார். எம்.சி. ராஜாவின் பெயரில் சென்னை சைதாப்பேட்டையில் இயங்கும் கல்லூரி மாணவர் விடுதி, வட மாவட்டங்களிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய பல தலைமுறை மாணவர்களுக்கு முதல் முகவரி. அங்கே தங்கிப் படித்தவர்கள் பின்னாளில் ஆட்சியர்களாகவும் பேராசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள்.

அரசு தரப்பில், 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் ஏற்பட்ட லேபர் கமிஷனர் அமைப்பு ஒடுக்கப்பட்டோருக்குப் பள்ளிகளும் குடியிருப்புகளும் ஏற்படுத்தியது. அதுவே பின்னர் அரிசன நலத்துறையாகி, இன்றைய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையாக நிற்கிறது. இந்தத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை முதலியவை நடத்தும் விடுதிகள் எல்லாம் ‘சமூக நீதி விடுதி’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் என 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. ஒரு மாணவன் எந்த விடுதியில் இருக்கிறான் என்று சொன்னாலே அவன் சாதி தெரிந்துவிடும் நிலை மாறவேண்டும் என்பது நோக்கம். பெயர்ப் பலகை மாறியது நல்லதே. கழிவறை, குடிநீர், உணவுப்படி, காப்பாளர் ஆகியவையும் அதே வேகத்தில் மாறினால்தான் அந்தப் பெயருக்குப் பொருள்.

சேர்க்கை நாளில் அரசுக் கல்லூரி அலுவலக வாசலில் சற்று நேரம் நின்றால் வரலாறு காகித வடிவில் நகர்வதைக் காணலாம். பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். உடன் வந்த அப்பா வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். அந்த முதல் தலைமுறைச் சான்று ஒன்றே போதும், இதுவரை அந்த வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்று சொல்ல. செங்கம் பக்கத்து மாணவர்கள் பலருக்கும் நெடுங்காலம் கல்லூரி என்றால் திருவண்ணாமலையில் 1966இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரிதான். இன்று அது கலைஞர் கருணாநிதி பெயரைத் தாங்கி நிற்கிறது. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 ஆக இருந்த 2021-22ஆம் ஆண்டில் தமிழகத்தில் அது 47 ஆக இருந்தது. இந்த வேறுபாட்டுக்குள் பேருந்து பாஸ், விடுதி, உதவித்தொகை எல்லாம் அடங்கியிருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும் ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் இதனுடன் சேர்ந்துகொண்டன.

உறுதிமொழி வாசித்த அதே நாளில்

2023 ஜனவரி 30. வழக்கம்போல் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி வாசிக்கப்பட்டது. அதே நாளில், செங்கத்துக்கு அடுத்த தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் கீழ் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைந்தார்கள். பல பத்தாண்டுகளாக அவர்களுக்கு அங்கே வழிபாடு மறுக்கப்பட்டிருந்தது. மாவட்ட ஆட்சியர் பா. முருகேஷ் முன்னிலையில், நூற்றுக்கணக்கான போலீசார் சூழ்ந்து நிற்க, பெண்கள் பொங்கல் பானையும் பூசைத் தட்டுமாக உள்ளே போனார்கள். எதிர்ப்புத் தெரிவித்து மற்றொரு பிரிவினர் வெளியே கூடி நின்றனர்.

இந்தக் காட்சியின் எடை புரிய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடந்தது 1939 ஜூலை 8இல். சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் 1947இல் வந்தது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவோடு அரசியல் சட்டம் 1950இல் வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அதுவே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்கும் பிறகு தென்முடியனூருக்குப் போலீஸ் வண்டி தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் இதே மாவட்டத்துச் செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் போலீஸ் பாதுகாப்புடன் நுழைந்தனர். கல்லூரிச் சமூகத்துக்கு அதிகம் சொல்லக்கூடிய நிகழ்வு இதுதான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதால் அது தொடங்கவில்லை. ஒரே பள்ளியில் படித்து, பிழைப்புக்காக வெளியூர் சென்ற இரு சமூகத்து இளைஞர்கள் இருவர் கோயில் நுழைவைப் பற்றிச் சமூக ஊடகத்தில் வாதிட்டதில் தொடங்கி, கைகலப்பாகி, காவல் நிலையம் வரை போய், முடிவில் கோயில் கதவு திறந்தது. ஒரே வகுப்பறை இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தது. ஆனால் ஊர்க் கோயிலைப் பற்றி இருவரும் அமைதியாகப் பேசிக்கொள்ளும் பழக்கத்தை அந்த வகுப்பறை தரவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் சாதியைப் பேசக்கூடாத பொருளாக வைத்திருப்பதன் விலை இது. பேசாததால் அது இல்லாமல் போவதில்லை, கைப்பேசிக்குள் போய்விடுகிறது.

தெற்கே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது முதல் மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது வரை பலவற்றைப் பரிந்துரைத்தது. அது பள்ளிகளுக்கான அறிக்கை. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிய கைதான் இரண்டு ஆண்டுகளில் கல்லூரி வருகைப் பதிவேட்டுக்கும் வந்து சேர்கிறது.

மலையிலிருந்து வருபவர்கள்

செங்கத்திலிருந்து வடக்கே ஏறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் அதன் தலைமையிடம். சாமை, தேன், புளி, பலா விளையும் இந்த மலையில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மக்கள் இவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அதில் பெரிய பிரிவு மலையாளிகள்தான்.

பழங்குடி மாணவர்களின் பாதையில் சாதிச் சான்று ஒரு தனி மலை. மலையாளிகள் எல்லா மாவட்டங்களிலும் பழங்குடியினராகப் பட்டியலிடப்படவில்லை. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு பட்டியல் நிற்கிறது. வட ஆற்காட்டிலிருந்து 1989இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அதனால் சிக்கல் இல்லை. ஈரோடு மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிகளோ இன்னும் பட்டியலுக்கு வெளியே நின்று போராடுகிறார்கள். சான்று கிடைக்கும் இடத்திலும், மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவில் முடியும் வேலை பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரின் விசாரணைக்குப் போகிறது. பிளஸ் டூ முடிவுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் அது வராவிட்டால் ஒரு ஆண்டே போய்விடும்.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அத்திப்பட்டில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. அவற்றுக்கு அப்பால் படிப்பைத் தொடர்வதும் இடையில் விடுவதும் குடும்பத்தின் கூலியைப் பொறுத்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லப்பட்ட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். அன்று தமிழகமே திரும்பிப் பார்த்தது ஜவ்வாது மலையை. ஆண்டுதோறும் ஏப்ரலில் சமத்துவ நாளுக்குத் தயாராகும் கல்லூரிகளின் நாட்காட்டியில் அந்த ஏழாம் தேதிக்கும் ஓர் இடம் இருக்கலாம்.

அதே மலைப் பகுதியான புலியூரைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி, 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வெற்றி பெற்றார். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பை முடித்து, சட்டம் பயின்று, குழந்தை பிறந்த ஓரிரு நாட்களிலேயே சென்னைக்குக் காரில் பயணம் செய்து தேர்வெழுதியவர் அவர். முதலமைச்சர் வாழ்த்தினார், ஊடகங்கள் கொண்டாடின. கொண்டாட்டத்துக்குரிய வெற்றிதான். பச்சை உடம்போடு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒருவர் பயணம் செய்தால்தான் தேர்வெழுத முடியும் என்ற ஏற்பாட்டை யாரும் அதே அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை. வாய்ப்பு என்பது தேர்வு மையம் எங்கே இருக்கிறது என்பதிலும் அடங்கியது.

மாணவர்களே எடுத்த நினைவு

அரசு ஆணைக்குக் காத்திராமல் மாணவர்களே உரிமை வரலாற்றைக் கையிலெடுத்த இடங்களும் உண்டு. சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14இல் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம் தொடங்கப்பட்டது. துண்டறிக்கையும் விவாதக் கூட்டமும்தான் அதன் வேலை. பெயரில்லாப் புகார் ஒன்று மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனதைத் தொடர்ந்து 2015 மே மாதம் நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை நீக்கியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் முதல் வாரத்திலேயே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஒரு வாசிப்பு வட்டத்தை மூட முயன்றதால் அதே பெயரில் வேறு வளாகங்களில் வட்டங்கள் முளைத்தன.

மராட்டியத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டப் பதினாறு ஆண்டுகள் ஆயின. மரத்வாடா பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற 1978இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் கலவரம் வெடித்தது. தலித் குடிசைகள் எரிந்தன; உயிர்கள் போயின. 1994 ஜனவரி 14இல்தான் பெயர் விரிவாக்கம் நடந்தது. இன்றும் ஒவ்வொரு ஜனவரி 14இலும் அந்தப் பல்கலைக்கழக வாசலில் பெருந்திரளாக மக்கள் கூடுகிறார்கள். புத்தகக் கடைகள்தான் அந்தக் கூட்டத்தின் சிறப்பு.

அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவில் கருப்பின மாணவர்கள் நான்கு பேர் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கடை மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாறவில்லை, அவர்களும் எழவில்லை. சில வாரங்களில் தெற்கு மாநிலங்கள் எங்கும் கல்லூரி மாணவர்கள் அதையே செய்தார்கள். அவர்கள் படித்த கல்லூரி வளாகத்தில் நால்வருக்கும் 2002இல் சிலை வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி மூன்றாம் திங்களன்று வரும் மார்ட்டின் லூதர் கிங் நாளை அங்கே கல்லூரிகள் சேவை நாளாகக் கொண்டாடுகின்றன; விடுமுறையை வீட்டில் கழிக்காமல் பக்கத்துப் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் மாணவர்கள் வேலைக்குப் போகிறார்கள். கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தம்மைத் தீண்டப்படாதவர் என்றே அறிமுகம் செய்தார்கள் என்றும், முதலில் அதிர்ந்து பிறகு அது உண்மையென உணர்ந்ததாகவும் பின்னாளில் சொன்னார்.

தமிழக அரசு 2023-24இல் வைக்கம் போராட்ட நூற்றாண்டை எடுத்து, வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. கேரளத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் சிறை சென்றவரை நினைப்பது சரி. தண்டராம்பட்டுக்குப் பக்கத்துக் கோயில் வாசலை நினைக்க அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை.

சட்டம் கல்லூரியிடம் கேட்பது

சமத்துவம் என்ற சொல்லைச் சாதியோடு நிறுத்திவிட முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்கிறது. மாடியில் வகுப்பை வைத்துக்கொண்டு கீழே சமத்துவ உறுதிமொழி வாசிக்கும் கல்லூரி, சக்கர நாற்காலியில் வரும் மாணவியை அன்றும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. திருநர்களுக்கு 2008இல் நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. சேர்க்கைப் படிவத்தில் மூன்றாம் கட்டம் வந்துவிட்டது, கழிவறை பல இடங்களில் வரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவு இருக்கவேண்டும், பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்படவேண்டும் என்கின்றன. சாதியைச் சொல்லி அழைப்பது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் தனியே ஒதுக்குவது, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் கை வைப்பது, உதவித்தொகையை வேண்டுமென்றே தாமதிப்பது ஆகிய எல்லாம் புகாருக்கு உரியவை. விதி ஏட்டில் இருக்கிறது. அந்த அலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு.

செங்கம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்று சமத்துவ நாளை வேறு மாதிரி எடுக்க நினைத்தால் பெரிய செலவு ஆகாது. செண்பகம் துரைராஜன் தீர்ப்பை அரசியல் அறிவியல் மாணவர்கள் தமிழில் சுருக்கி மேடையில் இரு தரப்பாக வாதிடலாம். வரலாற்றுத் துறை மாணவர்கள் எடுத்தனூர்க் கல்லைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊர்களில் முதலில் படித்தவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யலாம். அந்த முதியவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள், காத்திருக்க நேரமில்லை. மலையிலிருந்து வரும் மாணவர்களுக்கு மே மாதத்திலேயே கல்லூரி தன் செலவில் ஒரு சான்றிதழ் முகாம் நடத்தலாம். சிறப்பு விருந்தினருக்குப் போடும் சால்வைக் காசே அதற்குப் போதும்.

ஜூன், ஜூலையில் புதிதாகக் கல்லூரியில் சேரும் மாணவரும் அவரைச் சேர்க்க வரும் பெற்றோரும் கட்டண ரசீது வாங்கும்போதே கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு: இங்கே பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார், அவரை எங்கே பார்க்கலாம்? பதில் சொல்ல அலுவலகம் கடமைப்பட்டிருக்கிறது. பதில் கிடைக்காவிட்டால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.